ஸ்டெம் செல் பவுடர் வாங்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுருங்க

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் கொஞ்ச நாளா இதே பேச்சுதான். ஸ்டெம் செல் குடிச்சா பார்க்கின்சன் சரியாயிரும், இனிப்பு நீர் (சக்கர வியாதி) கொறஞ்சுரும், முட்டி வலி போயிரும். ஸ்டெம் செல்லுன்னா வேற செல்லா மாறக்கூடிய மூலச் செல்லு, பார்க்கின்சன்னா கை நடுங்கி நடை சுருங்குற மூளை நோய். ஒரு பெட்டி ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல, மூனு பெட்டி சேத்து எடுத்தா கழிவு உண்டு. விக்கிறவங்க வெளியாளுங்க கெடையாது, நம்ம கோயில்ல, கல்யாண வீட்டுல பாக்குற முகங்கதான், அதனால மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லவும் முடியாம ஓய்வுக்காலத்துக்குச் சேத்த இபிஎஃப் பணத்த எடுத்துக் குடுத்த குடும்பம் எங்க தாமான் குடியிருப்புலயே இருக்கு. கைல ஒரு ஃபைல் வச்சிருப்பாங்க, அதுல பேப்பர் செய்தி வெட்டி ஒட்டியிருக்கும், "ஜப்பான்ல ஸ்டெம் செல் வச்சு பார்க்கின்சனுக்கு வைத்தியம் பண்ணிட்டாங்க, பாருங்க"ன்னு காட்டுவாங்க.

அந்தச் செய்தி பொய்யில்ல. ஜப்பான்ல நடந்தது முழுசா உண்மை. அதுக்கும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற பவுடருக்கும் எந்த சம்பந்தமும் இல்லங்கறதுதான் நான் சொல்ல வர்றது, ஏன் இல்லன்னு புரியணும்னா ஜப்பான்ல என்ன பண்ணாங்கன்னு கொஞ்சம் பொறுமையா பாக்கணும்.

நான் ஸ்கூல்ல சயன்ஸ் சொல்லிக் குடுக்குறவன். ஆனா இத நான் தேடித் தேடிப் படிக்கிறது எங்க பெரியம்மாவுக்காக. அம்மாவோட அக்கா, புருசன் போனப்புறம் எங்க கூடத்தான் இருக்காங்க, பார்க்கின்சன் வந்து வருசம் பல ஆச்சு. தோட்டத்துல மருந்தடிச்சவங்க. விடியக்காலைல பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்னு, முதுகுல பம்ப மாட்டிக்கிட்டு, மொதல்ல கித்தா (ரப்பர்) காட்டுக்கும் அப்புறம் செம்பனைக்கும் புல்லு மருந்து அடிச்சாங்க. பம்பு மூடி சரியா இறுகாது, ஒழுகி ஒழுகி முதுகும் இடுப்பும் நனைஞ்சு போயிரும், அந்தத் துணியோடயே மத்தியானம் வரைக்கும் நிப்பாங்க, மூக்கு வாயி மறைக்க ஒரு பழைய துண்டு அவ்ளோதான். கைநகம் கறுத்து கழண்டு விழுந்திருக்கு. "அப்ப யாருய்யா கேட்டா, நல்லா சோப்புப் போட்டுக் குளி போயிரும்னு சொன்னாங்க"ன்னு பெரியம்மா ரொம்ப சாதாரணமா சொல்லுவாங்க, எனக்குத்தான் வயிறு எரியும்.

அந்தக் காலத்துல தோட்டங்கள்ல நெறைய அடிச்ச மருந்து பாராகுவாட். மலேசியாவுல 2020 ஜனவரி 1ல இருந்து அதுக்குத் தடை. பாராகுவாட்டோட நெறைய புழங்குனவங்களுக்கு பார்க்கின்சன் வர்ற வாய்ப்பு கூடுதுன்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லியிருக்கு. தனி ஒரு ஆளக் காட்டி இவங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு எந்த டாக்டரும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா ஒரு கதை மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. 1982ல அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல போதை ஊசி போட்ட சில இளவட்டங்க திடீர்னு கல்லு மாதிரி அசையாம ஆயிட்டாங்க, வயசானவங்களுக்கு வர்ற பார்க்கின்சன் அப்படியே வந்திருந்துச்சு. லாங்ஸ்டன்னு ஒரு டாக்டர் தோண்டிப் பாத்தா, யாரோ வீட்டுல காய்ச்சுன போதை மருந்துல எம்பிடிபின்னு ஒரு கழிவுப் பொருள் கலந்திருக்கு. அது மூளைக்குள்ள போயி எம்பிபி பிளஸ்ஸுன்னு ஒன்னா மாறி, டோபமின்ங்கற, அசைவுக்குத் தேவையான ரசாயனத்தச் சுரக்குற நரம்பு செல்லுங்களத் தேடிக் கொல்லுது. அந்த எம்பிபி பிளஸ்ஸோட கட்டமைப்பும் பாராகுவாட்டோட கட்டமைப்பும் அண்ணன் தம்பி. இந்த ஒத்துமையப் பாத்துட்டுத்தான் விஞ்ஞானிங்க புல்லு மருந்து பக்கம் திரும்புனாங்க.

சரி, அந்தச் செல்லு எங்க இருக்கு? மூளைத்தண்டோட மேல் பகுதில சப்ஸ்டான்சியா நைக்ரான்னு ஒரு சின்ன எடம், வெட்டிப் பாத்தா கறுப்பா தெரியும். அங்க இருக்குற செல்லுங்க நீளமா வால் விட்டு புட்டாமென்ங்கற எடத்துக்கு டோபமின் அனுப்புது, அது போய்ச் சேந்தாத்தான் நாம நெனச்ச நேரத்துக்குக் கை காலு அசையும். கை நடுங்குறப்ப, நடை சுருங்குறப்ப டாக்டர்கிட்ட போறோம் பாருங்க, அதுக்குள்ள அங்க நெறைய செல்லு செத்துப் போயிருக்கும். செத்தது தானா திரும்ப மொளைக்காது.

பெரியம்மாவுக்கு நடுக்கத்த விட மோசம் காலு ஒட்டிக்கிறது. ஹால்ல நல்லா நடந்து வருவாங்க, அடுப்படி நிலைப்படி வந்ததும் பாதம் தரையில பசை போட்ட மாதிரி நின்னுரும். ஒடம்பு முன்னால சாயும், காலு வராது. நான் செவப்பு டேப் வாங்கியாந்து நிலைப்படிக்கு முன்னாடி குறுக்கால கோடு கோடா ஒட்டி விட்டேன், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு அடி இடைவெளி. இப்ப அந்த மொத கோட்டப் பாத்து வலது கால தூக்கி அதுக்கு அந்தப் பக்கம் வைப்பாங்க, அப்புறம் அடுத்த கோடு, அடுத்தது, உள்ள போயிருவாங்க. பிசியோதெரபி புள்ளை சொல்லிக் குடுத்தது இது. கண்ணுக்கு ஒரு குறி கெடைச்சா மூளை வேற பாதையில கால அசைச்சுக்குதாம். பத்து வெள்ளி கூட ஆகல.

மாத்திரை லெவோடோபா. டோபமினையே நேரா குடுத்தா மூளைக்குள்ள போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பு விடாது, அதனால உள்ள போயி டோபமினா மாறுற பொருளக் குடுக்குறாங்க. 1957ல சுவீடன்ல அர்விட் கார்ல்சன் முயல வச்சு இதக் கண்டுபிடிச்சாரு, 2000த்துல அவருக்கு நோபல். அருமையான மருந்து, மொத சில வருசம் மந்திரம் மாதிரி வேலை செய்யும். போகப் போக ஒரு மாத்திரை தாங்குற நேரம் கொறைஞ்சுக்கிட்டே வரும், மாத்திரை உச்சத்துல இருக்குறப்ப ஒடம்பு தானா நெளிய ஆரம்பிக்கும். பெரியம்மா இப்ப மணிக்கணக்கப் பாத்துத்தான் வாழ்றாங்க, கோழியோ முட்டையோ பருப்போ மாத்திரையோட சேத்து சாப்புட்டா புரதம் மருந்தோட போட்டி போட்டு உள்ள போக விடாதுன்னு சாப்பாட்டு நேரத்தையும் தள்ளி வச்சிருக்கோம். இங்க ஒன்னு சொல்லிறணும், நம்ம சித்த வைத்தியத்துல பூனைக்காலி விதைன்னு ஒன்னு இருக்கு, அதுல நெஜமாவே லெவோடோபா இருக்கு. இருக்குறதுனாலதான் டாக்டருக்குச் சொல்லாம மாத்திரையோட சேத்து சாப்புடக்கூடாது, ரெண்டும் சேந்து அளவு ஏறிரும்.

மாத்திரை குடுக்குறது டோபமின். செத்துப்போன செல்லக் குடுக்க முடியாது. அப்ப புது செல்லையே வச்சா என்னன்னு யோசிச்சது இன்னைக்கு நேத்து இல்ல. 1987ல சுவீடன்ல லுண்ட்ல கருக்கலைப்புல கெடைச்ச சிசுவோட மூளைத் திசுவ எடுத்து நோயாளிக்கு வச்சுப் பாத்தாங்க. சிலருக்கு அற்புதமா எடுபட்டுச்சு, பல வருசம் நின்னுச்சு. ஆனா ஒரு நோயாளிக்கே பல சிசுவோட திசு வேணும், ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது, மனசுக்கும் ஒப்பாது. அப்புறம் 2001ல அமெரிக்காவுல 40 பேர வச்சு ஒரு சோதனை வெளிவந்துச்சு, பாதிப் பேருக்குத் திசு வச்சாங்க, மீதிப் பாதிக்கு மண்டையோட்டுல ஓட்டை மட்டும் போட்டுட்டு உள்ள ஒன்னும் வைக்கல, யாருக்கு எதுன்னு நோயாளிக்குத் தெரியாது. முடிவு ஏமாத்தம்தான். வயசு கொறைஞ்சவங்களுக்குக் கொஞ்சம் பலன், மொத்தமாப் பாத்தா இல்ல, சிலருக்கு மருந்து நிறுத்துன பிறகும் ஒடம்பு நெளியிறது நிக்கல. அதுல இருந்துதான் எல்லாரும் பாடம் படிச்சாங்க, எந்தச் செல்லு உள்ள போகுதுன்னு துல்லியமா தெரியாம வைக்கக்கூடாதுன்னு.

1998ல அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் மனுசக் கருவுல இருந்து ஸ்டெம் செல் பிரிச்சு வளத்தாரு. 2006ல ஜப்பான்ல கியோத்தோவுல ஷின்யா யமனக்கா எலியோட தோல் செல்லுல நாலே நாலு ஜீன் சேத்து அத ஸ்டெம் செல்லா திருப்பிக் காட்டுனாரு, அடுத்த வருசமே மனுசச் செல்லுல, 2012ல நோபல். இத வகுப்புல சொல்றப்பல்லாம் எனக்கு இன்னமும் புல்லரிக்குது. வளந்து தோலா ஆகிப்போன ஒரு செல்ல, கருவுல இருந்த நெலமைக்குத் திருப்பிக் கொண்டு போறது, இயற்கைல நடக்காத ஒன்னு.

ஆனா ஸ்டெம் செல் கைல இருந்தா மட்டும் பார்க்கின்சனுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அது எதுவா வேணாலும் ஆகும், பல்லா, முடியா, கட்டியா கூட. அத அப்படியே மூளைக்குள்ள வச்சா வர்றது கட்டிதான். அதனால தட்டுல வச்சே அதுக்கு வழி காட்டணும். மொதல்ல ரெண்டு ரசாயனத்தப் போட்டு மத்த பாதைய அடைச்சு நரம்புப் பக்கம் திருப்புறாங்க, 2009ல நியூயார்க்ல லோரன்ஸ் ஸ்டூடர் ஆய்வுக்கூடத்துல வந்த முறை இது. நரம்புன்னு ஆனா போதாது, நடுமூளை நரம்பா ஆகணும், அதுக்கு கரு வளர்றப்ப ஒடம்பே அனுப்புற ரெண்டு சமிக்ஞைய வெளியில இருந்து குடுக்குறாங்க. அதுல ஒன்னு கொஞ்சம் கொறைஞ்சா முன்மூளைச் செல்லு வந்துரும், கொஞ்சம் கூடுனா பின்மூளைச் செல்லு வந்துரும். எந்த நாளு, எந்த அளவுன்னு புடிச்சு, எலியிலயும் கொரங்குலயும் வேலை செய்யுற டோபமின் செல்ல ஸ்டூடர் குழு 2011ல காட்டுச்சு. கொரங்குக்கு பார்க்கின்சன் வர வச்சது எதனாலன்னு நெனைக்கிறீங்க, அதே கலிஃபோர்னியா எம்பிடிபி.

முழுசா வளந்த நரம்பா வச்சா ஊசியில ஏத்துறப்பவே செத்துரும், ரொம்பப் பிஞ்சா வச்சா கட்டி பயம். அதனால ரெண்டு மூனு வாரத்துல இருந்து ஒரு மாசம் வரைக்கும் வளத்து, டோபமின் நரம்பா ஆகப்போறதுன்னு முடிவான பருவத்துல எடுத்து வைக்கிறாங்க. பெரியம்மாகிட்ட இதச் சொன்னப்ப "நர்சரியில ஒட்டுக் கன்னு புடுங்குற பருவம் மாதிரி"ன்னாங்க, அதுக்கு மேல நான் வெளக்க வேண்டியிருக்கல. வைக்கிற எடமும் செல்லு செத்த கறுப்பு எடம் இல்ல. அங்க வச்சா அங்கிருந்து புட்டாமெனுக்கு வால் விட தூரம் அதிகம், வயசான மூளையில அது நடக்காது, அதனால நேரா புட்டாமென்லயே வைக்கிறாங்க. மண்டையோட்டுல சின்ன ஓட்டை, ஸ்கேன் படத்த வச்சு அளந்து, மெல்லிசான ஊசி.

2018ல கியோத்தோவுல ஜூன் தகாஹாஷி குழு மொத நோயாளிக்கு வச்சாங்க. மொத்தம் 7 பேரு, வயசு 50ல இருந்து 69க்குள்ள. ஒரே ஆரோக்கியமான ஆளோட ரத்த செல்லுல இருந்து யமனக்கா முறையில திருப்பிச் செஞ்ச ஸ்டெம் செல் (ஐபிஎஸ் செல்னு பேரு), அதுல சரியான செல்ல மட்டும் பொறுக்கி எடுத்து, ஒடம்பு எதுத்து அழிக்காம இருக்க டாக்ரோலிமஸ் மருந்தும் குடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல நேச்சர் இதழ்ல முடிவு வந்துச்சு. ரெண்டு வருசத்துல பெரிய பக்க விளைவு இல்ல, கட்டி இல்ல, ஸ்கேன்ல புட்டாமென்ல டோபமின் வேலை கூடியிருக்குறது தெரிஞ்சுது, பலன் அளந்து பாத்த 6 பேர்ல 4 பேருக்கு மருந்து தாக்கம் இல்லாத நேரத்துலயும் அசைவு மேல். அதே இதழ்ல அமெரிக்கா, கனடாவுல 12 பேருக்கு ப்ளூராக் கம்பெனி வச்ச செல்லோட முடிவும் வந்துச்சு, அது கருவுல இருந்து வந்த ஸ்டெம் செல். கூடுதல் அளவு வச்சவங்களுக்கு 18 மாசத்துல, டாக்டருங்க அசைவ அளக்குற புள்ளிக் கணக்குல சராசரி 23 புள்ளி முன்னேத்தம், எதிர்ப்ப அடக்குற மருந்த ஒரு வருசத்துல நிறுத்துன பிறகும் செல்லு உயிரோட இருந்துச்சு. லுண்ட்ல மாலின் பார்மர் குழுவும் 2023ல மனுசங்களுக்கு வைக்க ஆரம்பிச்சாங்க. 2025 ஆகஸ்ட்ல ஜப்பான்ல சுமிட்டோமோ பார்மாங்கற மருந்துக் கம்பெனி அந்த கியோத்தோ வைத்தியத்துக்கு அரசாங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டாங்க.

இதப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல எனக்கு, சந்தோசத்துல. 1817ல ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயப் பத்தி எழுதுனதுல இருந்து இருநூறு வருசத்துல, போன செல்லுக்குப் பதில் ஆய்வுக்கூடத்துல வளத்த செல்லுன்னு நிக்குற மொத தலைமுறை நாமதான்.

ஆனா நிதானமாவும் பாக்கணும். ஏழு பேரு, பன்னெண்டு பேரு, அவ்ளோதான். எல்லாருக்கும் செல்லு வச்சது தெரியும், சும்மா ஓட்டை போட்ட குழு இல்ல. பார்க்கின்சன்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா நல்லாயிரும்னு நம்புனாலே மூளை கொஞ்சம் டோபமின சுரக்கும். நம்பிக்கையப் பத்தின பேச்சுன்னு நெனைக்காதீங்க, 2001ல கனடாவுல வான்கூவர்ல ஸ்கேன் எடுத்தே காட்டிட்டாங்க, வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டும் மருந்துன்னு எதிர்பாத்தவங்க மூளையில டோபமின் வெளிய வந்துச்சு. எங்க தாமான்ல பவுடர் குடிச்ச ஒருத்தருக்கு ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சுங்கறாங்களே, அவரு பொய் சொல்லல. நெஜமாவே நல்லா இருந்திருக்கும். அப்புறம் ஏன் பழையபடி ஆச்சுன்னா, உள்ள புதுசா ஒரு செல்லும் போகல. அதனாலதான் ப்ளூராக் இப்ப நடத்துற மூனாம் கட்ட சோதனையில சும்மா ஓட்டை போடுற குழுவும் இருக்கு. அது முடியாம யாரும் அடிச்சுச் சொல்லக்கூடாது.

வேற ஒன்னும் இருக்கு. இந்தச் செல்லு திருத்தப் பாக்குறது அசைவ. மலச்சிக்கல், தூக்கத்துல கத்துறது, வாசனை தெரியாமப் போறது, ஞாபக மறதி, இதெல்லாம் வேற வேற எடத்துல நடக்குறது, புட்டாமென்ல செல்லு வச்சா அது போகாது.

இப்ப அந்தப் பெட்டிக்கு வருவோம். பவுடர வாயில போட்டா வயித்து அமிலமும் கொடலும் அத சாப்பாடா செரிக்கும். ஆட்டு நஞ்சுக்கொடியோ ஆப்பிளோ, அதுக்குள்ள ஒரு செல்லு உயிரோட இருந்தாலும் மிஞ்சாது, மிஞ்சுனாலும் மூளைத் தடுப்பு விடாது, விட்டாலும் அது டோபமின் நரம்பு கெடையாது. கியோத்தோக்காரங்க வருசக்கணக்கா ஒக்காந்து செஞ்ச வேலையில ஒரு படி கூட இதுல இல்ல. ஊசியா ஏத்துறோம்னு சொல்ற கிளினிக்கும் இதே கணக்குதான், கை நரம்புல ஏத்துற செல்லு புட்டாமென் போய்ச் சேந்து டோபமின் நரம்பா வளராது. உலகத்துல ஸ்டெம் செல் வச்சு நல்லா நிலைச்ச வைத்தியத்துல முக்கியமானது ரத்தப் புத்துநோய் மாதிரி வியாதிக்குச் செய்யுற எலும்பு மஜ்ஜை மாத்துதான், அது வேற கதை.

விக்க வர்றவங்க நம்ம சொந்தமாவே இருக்கட்டும், ஒக்கார வச்சு தேத்தண்ணி குடுத்துட்டு கேளுங்க: இது எந்தச் செல்லு? மூளைக்குள்ள எந்த எடத்துக்கு எப்படிப் போகுது? எந்த ஆஸ்பத்திரில சோதனை பண்ணுனீங்க, பதிவு நம்பர் என்ன? நெஜமான சோதனைக்கு நம்பர் இருக்கும், நோயாளிகிட்ட மருந்துக்குக் காசு வாங்க மாட்டாங்க. நான் கேட்டதுக்கு எங்க வீட்டுக்கு விக்க வந்த அந்தம்மா ஃபைல மூடிட்டு வேற வீட்டுக்குப் போயிட்டாங்க, இன்னைக்கும் எங்களுக்குள்ள பேச்சு கொஞ்சம் கொறைஞ்சுதான் இருக்கு. பரவால்ல.

பெரியம்மா என்கிட்ட நேராவே கேட்டாங்க, "எனக்குக் கெடைக்குமாய்யா?" இப்ப கெடைக்காது பெரியம்மான்னுதான் சொன்னேன். அவங்களுக்கு எழுவது தாண்டிருச்சு, கியோத்தோ சோதனையே 69ஓட நிறுத்திட்டாங்க, மலேசியாவுக்கு இது வர்றதுக்கு இன்னும் பல கதவு தெறக்கணும். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப ஒங்க வயசுக்காரங்களுக்கு வரும்"னாங்க. அது நடக்கக்கூடியதுதான்.

அந்த வயசுக்காரங்களுக்கும், தோட்டத்துல மருந்தடிச்ச அம்மா, அத்தை, பாட்டி வீட்டுல இருக்குறவங்களுக்கும் ஒன்னு. கை நடுங்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. குழம்பு வாசனை தெரியல, தூக்கத்துல கை கால வீசி அடிக்கிறாங்க, நடக்குறப்ப ஒரு கை ஆடாம தொங்குது, கையெழுத்து போகப் போக பொடிசாகுது, சட்டைப் பட்டன் போட ரொம்ப நேரம் ஆகுது, இதுல ரெண்டு மூனு சேந்து இருந்தா அரசாங்க கிளினிக்கு, அதாவது கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க, ஒரு வெள்ளிதான், அங்க இருந்து நரம்பு டாக்டருக்கு லெட்டர் குடுப்பாங்க. அங்க போறப்ப டாக்டர் கேக்காட்டியும் மருந்தடிச்ச வேலைய நீங்களா சொல்லுங்க, எத்தன வருசம், எந்த மருந்து, பம்பு ஒழுகுமா, எல்லாத்தையும் கார்டுல எழுதச் சொல்லுங்க.